ரிலேயா எஸ்எஸ்ஆரா, ரிவர்ஸா டைரக்டா: ஓவன் கன்ட்ரோலரை எந்த வரிசையில் செட் செய்வது?

முதலில் நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டபடி ஒருமுறை சொல்லிவிடுகிறேன். கோவையில் பவுடர் கோட்டிங் யூனிட். 18 கிலோவாட் மின்சார ஓவன், மூன்று பேஸ், கான்டாக்டர் (ஹீட்டருக்குப் போகும் கரண்டை இணைத்துப் பிரிக்கும் பெரிய ஸ்விட்ச்) வழியாக ஹீட்டர், சூட்டை அளக்க கே டைப் தெர்மோகப்பிள். சூட்டைக் கட்டுப்படுத்தும் பழைய கன்ட்ரோலர் போய்விட்டதால் கடையில் கொடுத்த புதிய ஒன்றை மாட்டியிருக்கிறீர்கள். ஆன்-ஆஃபில் வைத்தால் 200 டிகிரி செட் பாயிண்ட்டுக்கு 226 வரை ஏறுகிறது, பிறகு 190 வரை இறங்குகிறது. ஒரு சுற்று முடிய 12 நிமிடம். பிஐடிக்கு (வேண்டிய சூட்டுக்கும் இருக்கும் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்து பவரைச் சதவீதமாகக் கூட்டிக் குறைக்கும் முறை) மாற்றினால் சூடு ஓரளவு அடங்குகிறது, ஆனால் கான்டாக்டர் ஓயாமல் டக் டக்கென்று அடித்து, மூன்றாவது வாரம் அதற்குள் தொட்டுப் பிரியும் பாயிண்ட் ஒட்டிக்கொண்டது. மெனுவில் ரிலே, எஸ்எஸ்ஆர் (சாலிட் ஸ்டேட் ரிலே, அசையும் பாயிண்ட் இல்லாத எலக்ட்ரானிக் ஸ்விட்ச்), 4-20 மில்லிஆம்ப் என்று மூன்று அவுட்புட். ரிவர்ஸ், டைரக்ட் என்று இரண்டு திசை. ஆன்-ஆஃப், பிஐடி, மேனுவல் என்று மூன்று மோடு. "இதில் எதை வைத்தால் சரி?" என்று கேட்கிறீர்கள்.

இது பார்க்க ஒரு கேள்வி மாதிரி இருந்தாலும் உள்ளே மூன்று இருக்கின்றன. கம்பியின் அந்தப் பக்கம் என்ன மாட்டியிருக்கிறது? சூடு ஏறும்போது அவுட்புட் குறையவேண்டுமா, கூடவேண்டுமா? அந்தப் பக்கம் இருக்கும் பொருள் எவ்வளவு வேகத்தில் ஆன்-ஆஃப் ஆவதைத் தாங்கும்? இந்த மூன்றுக்கும் விடை ஓவனிலும் பேனலிலும்தான் இருக்கிறது. பாலிடெக்னிக்கில் இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்துவிட்டு 22 வருடமாக இதே வேலையில் இருக்கிறேன். மெனுவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தவர்கள் எல்லாருமே உங்களைப் போலத்தான் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார்கள். ஹீட்டரிலிருந்து பின்னோக்கி நடந்து வந்தால் மெனு தானாகவே புரிந்துவிடும்.

உங்கள் ஓவனில் ஹீட்டருக்கு முன்னால் இருப்பது கான்டாக்டர். கான்டாக்டரை இழுக்கும் காயிலுக்கு வேண்டியது 240 வோல்ட், அல்லது காயில் மீது என்ன எழுதியிருக்கிறதோ அது. ஆகவே கன்ட்ரோலரில் ரிலே அவுட்புட்தான், வேறு வழியில்லை. எஸ்எஸ்ஆர் அவுட்புட் என்பது 12 அல்லது 24 வோல்ட் டிசி சின்னத் துடிப்பு. சாலிட் ஸ்டேட் ரிலேயின் உள்பக்கத்தைத் தூண்டுவதற்கு மட்டும்தான் அதில் தெம்பு உண்டு. 4-20 மில்லிஆம்ப் என்பது தைரிஸ்டர் பவர் யூனிட்டுக்கோ, ஸ்டீம் வால்வை வேண்டிய அளவு திறக்கும் பொசிஷனருக்கோ, மோட்டார் டிரைவுக்கோ போகவேண்டிய சிக்னல். இவற்றில் எதுவும் கான்டாக்டரை இழுக்காது. சில சின்ன கன்ட்ரோலர்களில் ரிலே டெர்மினலும் எஸ்எஸ்ஆர் டெர்மினலும் இரண்டுமே பின்னால் இருக்கும், மெனுவில் எதைத் தேர்ந்தெடுக்கிறோமோ அது மட்டும் வேலை செய்யும். வேறு சிலவற்றில் எந்த அவுட்புட் என்பது வாங்கும்போதே மாடல் நம்பரில் முடிவாகிவிடும். மெனுவில் பெயர் இருந்தாலும் உள்ளே அந்த சர்க்யூட் இருக்காது. உங்களுடையது எந்த வகை என்று பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் வயரிங் படத்தைப் பார்த்தால் தெரியும்.

இப்போது அந்த டக் டக் சத்தத்துக்கு வருவோம். பிஐடி மோடில் கன்ட்ரோலர் 40 சதவீதம் பவர் தரவேண்டும் என்று முடிவு செய்தால், ரிலேயால் 40 சதவீதம் திறக்க முடியாது. ஒன்று முழுசாக ஆன், இல்லையென்றால் முழுசாக ஆஃப். அதனால் நேரத்தைப் பங்கு போடும். சைக்கிள் டைம், அதாவது ஒரு ஆனும் ஒரு ஆஃபும் சேர்ந்த நேரம், 20 விநாடி என்று இருந்தால் 8 விநாடி ஆன், 12 விநாடி ஆஃப். அதே சைக்கிள் டைம் 2 விநாடி என்று இருந்தால் முக்கால் விநாடிக்குச் சற்று மேல் ஆன், மீதி ஆஃப். எஸ்எஸ்ஆருக்கு 1 அல்லது 2 விநாடிதான் வழக்கம். உங்களுடையதில் அந்த மதிப்பு அப்படியே நின்றுவிட்டது என்று நினைக்கிறேன். மெனுவைத் திறந்து பார்த்தால் உறுதியாகிவிடும், ஆனால் நீங்கள் சொல்லும் அறிகுறிக்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

கணக்கு போட்டுப் பாருங்கள். 2 விநாடிக்கு ஒரு முறை என்றால் மணிக்கு 1,800 முறை. பத்து மணி நேர ஷிப்டுக்கு 18,000. பன்னிரண்டு வேலை நாளில் 2,16,000 முறை. கன்ட்ரோலருக்குள் இருக்கும் சின்ன ரிலேக்கு முழு லோடில் சுமார் 1 லட்சம் முறைதான் ஆயுள் என்று டேட்டா ஷீட்டில் போட்டிருப்பார்கள். கான்டாக்டர் அதைவிடத் தாங்கும், ஆனால் ஒவ்வொரு முறையும் பேஸுக்கு 25 ஆம்ப் போகிற லோடைப் பொறியோடு பிரிக்கிறது. அதுவும் ஒரு விநாடிக்கும் குறைவாக இழுத்துவிட்டு விட்டுவிடும்போது பாயிண்ட் சரியாக அமர்வதற்குள் பிரிகிறது. மூன்றாவது வாரம் ஒட்டிக்கொண்டதில் ஆச்சரியமே இல்லை. ஒட்டிப்போன அந்தக் கான்டாக்டரைத் தேய்த்துத் திரும்பப் போடாதீர்கள், மாற்றிவிடுங்கள். தேய்த்த பாயிண்ட் சீக்கிரமே மறுபடி ஒட்டும். ஓவனில் கான்டாக்டர் ஒட்டுவது என்றால் ஹீட்டர் நிற்காது என்று அர்த்தம்.

சரி, சைக்கிள் டைம் எவ்வளவு வைப்பது? இதற்கு நீங்கள் சொன்ன 12 நிமிடம் ரொம்ப உதவுகிறது. ஓவன் தன் போக்கில் ஒருமுறை ஏறி இறங்க எடுத்துக்கொள்ளும் நேரத்தில் இருபதில் ஒரு பங்குக்குள் சைக்கிள் டைம் இருந்தால், ஒவ்வொரு ஆன்-ஆஃபும் டிஸ்பிளேயில் அலையாகத் தெரியாது. 12 நிமிடம் என்பது 720 விநாடி, அதில் இருபதில் ஒன்று 36 விநாடி. 30 விநாடி வையுங்கள். மணிக்கு 120 முறை, ஷிப்டுக்கு 1,200, வருடம் 300 நாள் ஓடினாலும் மூன்றரை லட்சம் சொச்சம். நல்ல கான்டாக்டர் அதைத் தாங்கும். கூடவே காயிலின் இரண்டு முனைக்கும் குறுக்கே ஒரு ஆர்-சி ஸ்னப்பர் போடுங்கள், 100 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் சேர்ந்து ஒரே பாக்கெட்டாகவே கிடைக்கிறது. காயில் விடும்போது கிளம்புகிற வோல்டேஜ் குத்து கன்ட்ரோலருக்குள் இருக்கும் ரிலேயை அரிக்காமல் இருக்கும். சில சமயம் டிஸ்பிளே காரணமில்லாமல் ரீசெட் ஆவதும் இதனால் நின்றுபோகும்.

எஸ்எஸ்ஆருக்கே மாறிவிடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். மாறலாம், சத்தமில்லை, தேய்மானமில்லை, சூடும் இன்னும் சீராக நிற்கும். ஆனால் அதற்கு உரிய மரியாதையைக் கொடுக்கவேண்டும். ஒவ்வொரு எஸ்எஸ்ஆரிலும் சுமார் 1.2 வோல்ட் டிராப் ஆகும். 25 ஆம்புக்கு அது 30 வாட் சூடு. மூன்று பேஸுக்கு மூன்று என்றால் 90 வாட், அதாவது மூடிய பேனலுக்குள் ஒரு 100 வாட் குண்டு பல்பை நாள் முழுக்க எரியவிட்டதற்குச் சமம். ஹீட் சிங்க், அதற்கு அடியில் தெர்மல் பேஸ்ட், பேனலுக்கு ஃபேன், 25 ஆம்ப் லோடுக்கு 60 ஆம்ப் எஸ்எஸ்ஆர்: இவ்வளவும் வேண்டும். வெறும் தகட்டில் முறுக்கி வைத்துவிட்டு "எஸ்எஸ்ஆர் சரியில்லை" என்று சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, எஸ்எஸ்ஆர் ஆஃபில் இருக்கும்போதும் கொஞ்சம் லீக்கேஜ் வரும். டெஸ்டர் வைத்தால் எரியும். அது ஆஃப்தானே என்று ஹீட்டர் டெர்மினலில் கை வைக்கக்கூடாது, மெயின் ஐசொலேட்டரை இறக்கிவிட்டுத்தான் தொடவேண்டும்.

எஸ்எஸ்ஆர் கெட்டால் பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் கெடும். இதை நான் ஒரு கசப்பான அனுபவத்தில் கற்றேன். ஆறேழு வருடத்துக்கு முன் ஒரு யூனிட்டில் நானே எஸ்எஸ்ஆர் போட்டுக் கொடுத்தேன். முன்னால் தனிக் கான்டாக்டர் போடச் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. ஒரு இரவு ஷிப்டில் ஒரு எஸ்எஸ்ஆர் ஷார்ட், அடுத்த சில நிமிடத்தில் இன்னொன்று. கன்ட்ரோலர் அவுட்புட் பூஜ்யம் என்று சரியாகவே காட்டிக்கொண்டிருந்தது. ஹீட்டர் எரிந்துகொண்டே இருந்தது. காலையில் போனபோது உள்ளே தொங்கிய வெள்ளைப் பெட்டிகள் எல்லாம் பழுப்பாகியிருந்தன, கதவு காஸ்கெட் கருகிய வாசனை கேட் வரைக்கும் வந்தது. ஆளுக்கு எதுவும் ஆகவில்லை. அன்றிலிருந்து எஸ்எஸ்ஆருக்கு முன்னால் ஒரு பாதுகாப்புக் கான்டாக்டரும், கன்ட்ரோலரோடு எந்தத் தொடர்பும் இல்லாத தனி தெர்மோஸ்டாட்டும் இல்லாமல் நான் எந்த ஓவனையும் ஒப்படைப்பதில்லை. கான்டாக்டர் ஓவனுக்கும் இதே விதிதான்.

அடுத்தது திசை. ஓவன் என்றால் ரிவர்ஸ். சூடு ஏற ஏற அவுட்புட் குறையவேண்டும், இரண்டும் எதிரெதிராக நகர்வதால் ரிவர்ஸ். சில்லர், கூலிங் ஃபேன், குளிர்நீர் வால்வு என்றால் டைரக்ட். சூடு ஏற ஏற அவுட்புட்டும் ஏறவேண்டும். பெயர் குழப்புவதால் சில கம்பெனிகள் ஹீட், கூல் என்றே போட்டுவிடுகிறார்கள். ஏழு கோடு டிஸ்பிளேயில் சில எழுத்துகள் உருத் தெரியாமல் வரும். சந்தேகம் இருந்தால் இப்படிச் சோதியுங்கள். ஓவன் ஆறியிருக்கும்போது செட் பாயிண்ட்டை அறைச் சூட்டுக்குக் கீழே இறக்குங்கள், கான்டாக்டர் விடவேண்டும். 60 டிகிரிக்கு ஏற்றுங்கள், இழுக்கவேண்டும். தலைகீழாக நடந்தால் திசை தப்பு. இரண்டு நிமிட வேலை.

திருப்பூர்ப் பக்கம் டையிங் மெஷினில் ஸ்டீம் வால்வு வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் ஒரு வார்த்தை. அங்கே வால்வின் திசையும் சேர்ந்துகொள்கிறது. காற்று வந்தால் திறக்கிற வால்வு என்றால் கன்ட்ரோலர் ரிவர்ஸ். காற்று வந்தால் மூடுகிற வால்வை ஸ்டீமுக்குப் போட்டிருந்தால் டைரக்ட் வைத்தால்தான் ஓடும். ஆனால் ஸ்டீமுக்கு அப்படி வால்வு போடுவதே தவறு, ஏனென்றால் கம்ப்ரஸர் நின்றால் வால்வு முழுசாகத் திறந்துவிடும்.

திசை சரியாக இருந்தும் ஓவன் தறிகெட்டு ஏறுவதற்கு ஒரு காரணம் உண்டு, அது தெர்மோகப்பிளின் பிளஸ் மைனஸ் மாறியிருப்பது. அப்போது சூடு ஏற ஏற ரீடிங் இறங்கும். கன்ட்ரோலர் "இன்னும் சூடு போதவில்லை" என்று முழு பவரையும் தள்ளும். நிறத்தை நம்பி மாட்டினால் இங்கே ஏமாறலாம்: அமெரிக்க முறையில் கே டைப்புக்கு மஞ்சள் பிளஸ், சிவப்பு மைனஸ், ஐஇசி முறையில் பச்சை பிளஸ், வெள்ளை மைனஸ். சிவப்பைப் பார்த்தவுடன் பிளஸ் என்று மாட்டும் எலக்ட்ரீஷியன் கை அமெரிக்க வயரில் தப்பாகத்தான் போகும். நுனியை லைட்டரால் லேசாகச் சூடாக்கி, ரீடிங் ஏறுகிறதா என்று பாருங்கள்.

அதோடு சென்சர் டைப்பையும் மெனுவில் பார்த்துவிடுங்கள். கே தெர்மோகப்பிளை மாட்டிவிட்டு மெனுவில் ஜே என்று இருந்தால், பேனல் 30 டிகிரியில் இருக்கும்போது ஓவன் உண்மையில் 200 ஆக இருந்தாலும் டிஸ்பிளே சுமார் 158தான் காட்டும். டிஸ்பிளேயில் 200 வருவதற்குள் உள்ளே 257 ஆகியிருக்கும். தெர்மோகப்பிள் தலையிலிருந்து பேனல் வரை சாதாரணச் செம்புக் கம்பி இழுத்திருந்தாலும் இதே வகைத் தவறு வரும்: தலை 60 டிகிரியிலும் பேனல் 35 டிகிரியிலும் இருந்தால் ரீடிங் சுமார் 25 டிகிரி குறைவாக இருக்கும். இந்த இரண்டையும் சரிபார்க்காமல் பிஐடி எண்களைத் திருகுவது வீண் வேலை.

இப்போது யாரும் தொடாத மேனுவல் மோடு. எனக்குப் பிடித்த மோடு இதுதான், புது ஓவனில் நான் முதலில் போவதும் இதற்குத்தான். மேனுவலில் கன்ட்ரோலர் சூட்டைப் பார்த்து எதையும் முடிவு செய்யாது. நீங்கள் கொடுக்கும் சதவீதத்தை அப்படியே வெளியே தள்ளும். சைக்கிள் டைம் 30 என்று வைத்து, மேனுவலில் 50 சதவீதம் கொடுங்கள். போன் ஸ்டாப்வாட்சை எடுத்துக்கொண்டு பேனல் முன்னால் நில்லுங்கள். டக், 15 விநாடி, டக், 15 விநாடி. அது வந்தால் அவுட்புட் டைப், வயரிங், சைக்கிள் டைம் மூன்றும் ஒரே அடியில் சரி என்று தெரிந்துவிட்டது. 4-20 வைத்திருப்பவர்கள் மல்டிமீட்டரைத் தொடரில் போட்டுப் பார்க்கலாம்: 0 சதவீதத்துக்கு 4, 25-க்கு 8, 50-க்கு 12, 100-க்கு 20 மில்லிஆம்ப்.

அப்புறம் மேனுவலிலேயே சதவீதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஓவன் 200-இல் தானாக நிற்கிற இடத்தைப் பிடியுங்கள். அரை நாள் ஆகலாம், பக்கத்தில் ஆள் இருக்கவேண்டும், ஏனென்றால் மேனுவலில் ஓவனைத் தடுக்க கன்ட்ரோலர் வராது. நான் பார்த்த இந்த அளவு ஓவன்களில் பெரும்பாலும் 25-க்கும் 45-க்கும் நடுவில் நிற்கும். உங்களுடையதும் 50-க்குக் கீழேதான் இருக்கும் என்று நீங்கள் கொடுத்த எண்ணே சொல்கிறது: செட் பாயிண்ட்டுக்கு மேலே 26 டிகிரி, கீழே 10 டிகிரிதான். ஏறும் வேகம் இறங்கும் வேகத்தைவிட அதிகம், அதாவது ஹீட்டர் தேவைக்கு மேல் பெரிசு. அந்த நிலையில் அவுட்புட் ஹை லிமிட்டை (கன்ட்ரோலர் தரக்கூடிய அதிகபட்ச சதவீதம்) 100-இலிருந்து 70 அல்லது 80-க்கு இறக்கினால் முதல் ஏற்றத்தில் வரும் தாண்டல் நன்றாகக் குறையும். காலையில் சூடாக இன்னும் கொஞ்ச நேரம் எடுக்கும், அது பரவாயில்லை.

ஆன்-ஆஃப் ஏன் 226 வரை போகிறது என்பதும் இதிலேயே இருக்கிறது. 200-இல் கான்டாக்டர் விட்டாலும் ஹீட்டர் ராடு அப்போது இன்னும் பல நூறு டிகிரியில் கனன்றுகொண்டிருக்கும். அதில் சேர்ந்த சூடு காற்றுக்கு வந்துதான் ஆகவேண்டும். ஹிஸ்டெரிசிஸை (ஆன் ஆகும் சூட்டுக்கும் ஆஃப் ஆகும் சூட்டுக்கும் உள்ள இடைவெளி) 5-இலிருந்து 1-க்குக் குறைத்தாலும் இந்தத் தாண்டல் போகாது, கான்டாக்டர்தான் அதிகம் அடிக்கும். ஆன்-ஆஃபை நான் குறை சொல்லவில்லை. தண்ணீர்த் தொட்டி, கம்ப்ரஸர் வைத்த சில்லர், இரண்டு மூன்று டிகிரி முன்னே பின்னே போனாலும் கவலைப்படாத இடம் என்றால் ஆன்-ஆஃப்தான் நல்லது. கம்ப்ரஸரைப் பிஐடியில் ஓட்டினால் கம்ப்ரஸர் போய்விடும். பவுடர் கோட்டிங்குக்கு 36 டிகிரி ஊசல் அதிகம். வெள்ளையும் லைட் கலரும் மஞ்சளடிக்கும், பளபளப்பும் மாறும். ஆகவே உங்களுக்குப் பிஐடி.

பிஐடி எண்களுக்கு ஆட்டோ டியூன் (கன்ட்ரோலர் தானே எண்களைக் கண்டுபிடிப்பது) போதும், ஆனால் அது என்ன செய்கிறது என்று தெரிந்தால் அதன் விடையை எடைபோட முடியும். 1942-இல் அமெரிக்காவின் டெய்லர் இன்ஸ்ட்ருமென்ட் நிறுவனத்தில் வேலை பார்த்த ஜான் சீக்லரும் நத்தேனியல் நிக்கல்ஸும் ஒரு வழி சொன்னார்கள்: கெயினை (ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு எத்தனை சதவீதம் பவர் என்பது) கூட்டி ஊசலாட்டத்தின் எல்லைக்குக் கொண்டுபோய், அங்கே இருந்த கெயினையும் ஊசலின் நேரத்தையும் வைத்து பி, ஐ, டி மூன்றையும் கணக்கிடுவது. 1984-இல் ஸ்வீடனின் கார்ல் யோஹான் ஓஸ்ட்ரோமும் டோரே ஹேக்லுண்டும், அந்த எல்லையை ஆபத்தில்லாமல் கண்டுபிடிக்க ஆன்-ஆஃப் முறையையே பயன்படுத்தலாம் என்று காட்டினார்கள். இன்று பல கன்ட்ரோலர்களில் ஆட்டோ டியூன் அழுத்தினால் சூடு இரண்டு மூன்று முறை வேண்டுமென்றே மேலும் கீழும் போவது அதனால்தான். பயந்து நடுவில் நிறுத்திவிடாதீர்கள்.

கவனித்தீர்களா, உங்கள் ஆன்-ஆஃப் ஓட்டமே அந்தச் சோதனைதான்! 190-க்கும் 226-க்கும் நடுவே 36, பாதி 18. அவுட்புட் 0-க்கும் 100-க்கும் மாறுகிறது, பாதி 50. நான்கை 50-ஆல் பெருக்கி, 3.14-ஆலும் 18-ஆலும் வகுத்தால் சுமார் 3.5 வரும், அதுதான் அந்த எல்லைக் கெயின்; அதில் 0.6 பங்கு 2.1. நூறை அதால் வகுத்தால் புரொபோர்ஷனல் பேண்ட் (பி, பவர் 100-இலிருந்து 0-க்கு இறங்கும் சூட்டின் அகலம்) சுமார் 47 டிகிரி. இன்டெக்ரல் டைம் (ஐ, நீடிக்கும் வித்தியாசத்தைச் சேர்த்துச் சேர்த்துச் சரிசெய்வது) சுற்று நேரத்தில் பாதி, 360 விநாடி. டெரிவேட்டிவ் (டி, சூடு மாறும் வேகத்தைப் பார்த்து முன்கூட்டியே தடுப்பது) எட்டில் ஒன்று, 90 விநாடி. மேலும் கீழும் சமமாக இல்லாத ஊசல் என்பதால் இது தோராயம்தான். ஆனால் ஆட்டோ டியூன் 5 டிகிரி பேண்டும் 20 விநாடி இன்டெக்ரலும் கொடுத்தால் ஏதோ தப்பு என்று கண்டுபிடிக்க இது போதும். பேண்ட் டிகிரியில் கேட்கிறதா, ரேஞ்சின் சதவீதத்தில் கேட்கிறதா என்று பாருங்கள். ரேஞ்ச் 1,200 டிகிரி என்றால் 47 டிகிரி என்பது 4 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே.

சீக்லர்-நிக்கல்ஸ் எண்கள் கொஞ்சம் முரட்டு எண்கள். அலை ஒவ்வொரு முறையும் முன்னதில் கால் பங்காகக் குறைவது போதும் என்றுதான் அவர்கள் இலக்கு வைத்தார்கள், அதனால் முதல் தாண்டல் இருக்கத்தான் செய்யும். உங்கள் ஓவனுக்கு நான் பேண்டை 65, 70 என்று அகலமாக்கி, இன்டெக்ரலை 450 விநாடி ஆக்கி ஆரம்பிப்பேன். இது என் கை வழக்கம், கணக்கில் வந்ததல்ல. ஆட்டோ டியூனைக் காலி ஓவனில் செய்யாதீர்கள். வழக்கமாகத் தொங்கவிடும் அளவுக்குப் பழைய இரும்புத் துண்டுகளைத் தொங்கவிட்டு, ஃபேன் ஓட, கதவு மூடியிருக்கச் செய்யுங்கள். நல்ல சரக்கை உள்ளே வைத்துச் செய்யவே கூடாது.

எல்லாம் சரியாக வைத்த பிறகும் ஒரு இடத்தில் தாண்டும்: சரக்கு ஏற்றக் கதவைத் திறந்து மூடிய உடனே. கதவு திறந்திருக்கும் ஐந்து நிமிடமும் ரீடிங் 200-க்குக் கீழே இருப்பதால் இன்டெக்ரல் சேர்த்துக்கொண்டே போகும். கதவு மூடியதும் சேர்த்த பாக்கி மொத்தமும் ஹீட்டருக்குப் போகும். பலர் கதவில் லிமிட் ஸ்விட்ச் வைத்து ஹீட்டரை மட்டும் வெட்டிவிடுவார்கள். அது நிலைமையை மோசமாக்கும், ஏனென்றால் கன்ட்ரோலருக்கு ஹீட்டர் வெட்டப்பட்டது தெரியாது. அந்த லிமிட் ஸ்விட்சைக் கன்ட்ரோலரின் டிஜிட்டல் இன்புட்டுக்குக் கொண்டுபோய், கதவு திறந்தால் மேனுவல் 0 சதவீதம், மூடினால் ஆட்டோ என்று வைப்பது சரி. டிஜிட்டல் இன்புட் இல்லாத மாடலில், பேண்டுக்குள் வந்த பிறகே இன்டெக்ரல் வேலை செய்யும்படி வைக்கும் ஆன்டி ரீசெட் வைண்ட்அப் செட்டிங் இருக்கிறதா என்று தேடுங்கள்.

பாதுகாப்புக்குத் திரும்பி வருகிறேன். தெர்மோகப்பிள் அறுந்தால் டிஸ்பிளே ஓப்பன் என்று காட்டி அவுட்புட்டை நிறுத்தவேண்டும்; சென்சர் பிரேக் அவுட்புட் 0 சதவீதம் என்று வைத்து, ஒரு வயரைக் கழற்றிச் சோதித்துப் பாருங்கள். ஆனால் தெர்மோகப்பிள் வயர் நடுவழியில் நசுங்கி ஷார்ட் ஆனால், ஷார்ட் ஆன இடத்துச் சூட்டையே கன்ட்ரோலர் ஓவன் சூடு என்று நம்பும். எவ்வளவு எரித்தாலும் ரீடிங் 45-ஐத் தாண்டாது, அவுட்புட் 100-லேயே நிற்கும். ஹை அலாரமும் அதே பொய் ரீடிங்கைத்தான் பார்க்கிறது, அதனால் அடிக்காது. இதைப் பிடிக்க, அவுட்புட் முழுசாக இருந்தும் ரீடிங் நகராவிட்டால் அடிக்கும் லூப் பிரேக் அலாரம் என்று ஒன்று சில மாடலில் உண்டு. அது இருந்தாலும் இல்லாவிட்டாலும், சூட்டை உணரும் தனிக் குமிழும் (பல்ப்) மெல்லிய குழாயும் (கேப்பிலரி) உள்ள தெர்மோஸ்டாட் ஒன்றை 230 டிகிரிக்கு வைத்து, அது திறந்தால் மெயின் ஹீட்டர் கான்டாக்டர் விழுந்து, கையால் ரீசெட் செய்யும் வரை எழாதபடி வயரிங் செய்யுங்கள். உங்கள் ஓவனில் ஹீட்டரை இயக்குவதே ஒரு கான்டாக்டர்தான். அது ஒட்டிக்கொண்டால் வெட்டுவதற்கு இன்னொன்று வேண்டும், ஆகவே இரண்டு. சர்க்குலேஷன் ஃபேன் ஓடாவிட்டால் ஹீட்டர் ஆன் ஆகாத இன்டர்லாக்கும் வேண்டும்.

இதில் எனக்கு உறுதியானவை: கான்டாக்டருக்கு ரிலே, ஓவனுக்கு ரிவர்ஸ், 30 விநாடி சைக்கிள், தனி தெர்மோஸ்டாட். ஓவனை நேரில் பார்க்காமல் சொல்ல முடியாதது கடைசி பிஐடி எண்கள். சென்சர் இருக்கும் இடமும் அதே போல. ஹீட்டருக்குப் பக்கத்தில் இருந்தால் டிஸ்பிளே அழகாக 200-இல் நிற்கும், சரக்கு தொங்கும் இடத்தில் 180 இருக்கும். பவுடர் டப்பாவில் 200 டிகிரி 10 நிமிடம் என்று போட்டிருப்பது பொதுவாக உலோகத்தின் சூட்டை. தடிமனான சரக்கு காற்றைவிடப் பல நிமிடம் பின்தங்கியே வரும். ஒரு துண்டில் தனித் தெர்மோகப்பிளைக் கட்டி ஒரு பேட்ச் முழுக்க எழுதிப் பாருங்கள்.

மேனுவலில் 200-ஐப் பிடித்து நிறுத்திய சதவீதம், ஆட்டோ டியூன் கொடுத்த மூன்று எண்கள், கதவு மூடிய பிறகு எத்தனை டிகிரி தாண்டுகிறது: இந்த மூன்றையும் இங்கேயே எழுதுங்கள். அதை வைத்து அடுத்து எந்த எண்ணை எந்தப் பக்கம் நகர்த்தலாம் என்று சொல்கிறேன்.